நட்சத்திரங்களை ஒரே லைனில் அடுக்குவதா, பிரித்துப் போடுவதா?

ஐஸ் ஹாக்கியில் கோச் ஆட்டத்துக்கு முன் கொடுக்கும் பட்டியலில் வழக்கமாக 12 ஃபார்வர்டுகள் இருப்பார்கள். மும்மூன்று பேராக நான்கு லைன். யாரை யாரோடு சேர்ப்பது என்று கேட்டால், இருப்பதில் சிறந்த மூன்று பேரை முதல் லைனில் போட்டுவிட்டு மற்றவர்களைத் தரவரிசைப்படி கீழே இறக்கிக்கொண்டே போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். பல அணிகள் அப்படித்தான் தொடங்குகின்றன.

சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருமுறை பனியில் இறங்கி ஆடும் நேரம், ஏறக்குறைய 45 வினாடி. முழு வேகத்தில் சறுக்கும் கால்கள் அதற்குமேல் தாங்காது. தாங்கினாலும் வேகம் போய்விடும். அதனால் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும், 60 நிமிட ஆட்டத்தில் ஒரு ஃபார்வர்டு 20 அல்லது 22 நிமிடத்துக்குமேல் பனியில் இருப்பது அபூர்வம். மீதி நேரம் முழுக்க அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மீதி நேரத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதும் லைன் அமைப்பின் ஒரு பகுதி. என்னைக் கேட்டால் பெரிய பகுதி அதுதான்.

வழிகளை ஒப்பிடும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். லைனின் நடுவில் சென்டர், இரு பக்கமும் விங்கர்கள்; இந்த மூன்று இடங்களும் ஒரே விலை அல்ல. ஆட்டத்தைத் தொடங்க நடுவர் பக்கைப் போடும் ஃபேஸ்-ஆஃபைச் சென்டர்தான் எடுக்கிறார். பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) தன் பக்கம் வந்தால் கோலுக்கு முன்வரை இறங்கி, இரண்டு டிஃபன்ஸ் வீரர்களுக்கும் மூன்றாவது துணையாக நிற்கிறார். பிறகு பக் கைக்கு வந்ததும் நடுவழியாக மேலே ஏறுகிறார். விங்கர்கள் தங்கள் பகுதியில் பெரும்பாலும் சுவரோரமும், எதிரணியின் டிஃபன்ஸ் வீரர்களுக்கு எதிரிலும் நிற்பார்கள். அதனால் நல்ல சென்டர் விங்கில் ஆடலாம். விங்கரைச் சென்டராக்குவது கடினம். ஓர் அணியிடம் எத்தனை உண்மையான சென்டர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சரி, முதல் வழி. சிறந்த மூன்று பேரையும் ஒரே லைனில் அடுக்குவது. இதற்கு வரலாறு பலமாகச் சாட்சி சொல்கிறது. 1939-40இல் பாஸ்டனின் மில்ட் ஷ்மிட், வுடி டூமார்ட், பாபி பவர் மூவரும் வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.எச்.எல்.லின் புள்ளிப் பட்டியலில் (கோலுக்கும், கோலுக்கு வழிவகுக்கும் பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி) முதல் மூன்று இடத்தையும் பிடித்தார்கள். 1944-45இல் மான்ட்ரியலின் 'பஞ்ச் லைன்' அதையே செய்தது: எல்மர் லாக் 80 புள்ளி, மொரீஸ் ரிஷார் 73, டோ பிளேக் 67. 1949-50இல் டெட்ராய்ட்டின் 'புரொடக்‌ஷன் லைன்', அதாவது டெட் லிண்ட்சே, சிட் ஏபெல், கார்டி ஹோ. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. ஆனால் அது சில அணிகளே ஆடிய லீக். அணிக்கு இப்போது இருப்பதைவிடக் குறைவான ஆட்கள். சிறந்தவர்கள் கூடுதல் நேரம் பனியில் நின்றார்கள். மீதி நேரம் என்ற பிரச்சினையே அப்போது சிறியது.

இன்றைய ஆட்டத்தில் அடுக்கிய லைனின் பலவீனம் ஒன்றுதான்: எதிரணி எதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது, வந்திருக்கும் அணி முதலில் ஆட்களை இறக்க வேண்டும். சொந்த மைதான அணி அதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களை இறக்கும். கடைசி மாற்றம் என்ற இந்த உரிமை இருக்கும் கோச், தன் மிகச் சிறந்த தடுப்பு ஜோடியையும் ஒரு தடுப்பு லைனையும் உங்கள் நட்சத்திரங்கள் இறங்கும்போதெல்லாம் அவர்கள்மீது ஏவிவிடுவார். உங்களிடம் அச்சுறுத்தல் ஒரே லைன்தான் என்றால் அவருடைய வேலை அன்றைக்கு அதோடு முடிந்தது.

கடைசி மாற்றம் இல்லாமலேயே இதைச் செய்துகாட்டியவர் கோச் ஸ்காட்டி போமன். 1997 இறுதிச் சுற்றில் அவருடைய டெட்ராய்ட்டுக்கு எதிரில் பிலடெல்பியா. அங்கே எரிக் லிண்ட்ராஸ், ஜான் லெக்லேர், மிகேல் ரென்பெர்க் சேர்ந்த 'லீஜன் ஆஃப் டூம்' லைன் பெயர் பெற்றிருந்தது. மூவருமே மலை மாதிரி ஆட்கள். முட்டி மோதுவதற்குப் பேர்போன கான்ஸ்டான்டினோவைத்தான் போமன் அவர்கள்மேல் விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் இறக்கியதோ நிக்லஸ் லிட்ஸ்ட்ரமையும் லேரி மர்ஃபியையும். மோதாமல், பக்கை எடுத்து உடனே வெளியே அனுப்பிவிடும் ஜோடி. முதல் இரண்டு ஆட்டமும் பிலடெல்பியாவில், கடைசி மாற்றம் பிலடெல்பியாவின் கையில். இருந்தும் டெட்ராய்ட் நான்குக்கு நான்கு வென்றது. லிண்ட்ராஸ் அந்தத் தொடரில் அடித்தது ஒரே கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில். கோப்பையை முடிவுசெய்த கோலை அடித்தவர் டெட்ராய்ட்டின் பெரிய பெயர்களில் ஒருவர் அல்ல, அடிதடிக்கும் உழைப்புக்கும் பெயர்பெற்ற டேரன் மெக்கார்ட்டி. அடுக்கிய லைனை நம்பும் எந்தக் கோச்சும் இந்தத் தொடரை ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரானது பிரித்துப் போடும் வழி. மூன்று லைனுக்கும் மூன்று நல்ல சென்டர்களையோ, குறைந்தது ஒவ்வொரு லைனுக்கும் கோல் அடிக்கத் தெரிந்த ஒருவரையோ கொடுத்துவிடுவது. இதற்குச் சிறந்த உதாரணம் பிட்ஸ்பர்க். சிட்னி கிராஸ்பி, எவ்கேனி மால்கின் இருவரையும் ஒரே லைனில் போட்டு வேடிக்கை பார்க்கலாம்தான். ஆனால் 2009இல் கோப்பை வென்றபோது கிராஸ்பி ஒரு லைன், மால்கின் ஒரு லைன், மூன்றாவதற்கு ஜார்டன் ஸ்டால் என்று பிரித்துத்தான் ஆடினார்கள். 2016இல் இன்னும் சுவையானது நடந்தது. மால்கின் காயத்தால் வெளியே இருந்தபோது நிக் போனினோவை நடுவில் வைத்து ஒரு பக்கம் கார்ல் ஹேகலினையும் மறுபக்கம் ஃபில் கெஸலையும் போட்டார்கள். மால்கின் திரும்பி வந்த பிறகும் அந்த லைனைக் கலைக்கவில்லை. எதிரணிகள் தங்கள் நல்ல டிஃபன்ஸ் ஜோடிகளைக் கிராஸ்பிக்கும் மால்கினுக்கும் எதிராகச் செலவழித்துவிட, மூன்றாவது லைன் எதிரணியின் மூன்றாவது ஜோடியைப் பந்தாடியது. அந்த ப்ளே-ஆஃபில் (கோப்பைக்கான இறுதிக்கட்டத் தொடர்களில்) பிட்ஸ்பர்க்குக்கு அதிகப் புள்ளி எடுத்தவர் கிராஸ்பியும் அல்ல, மால்கினும் அல்ல. 22 புள்ளியுடன் கெஸல். கோப்பை அவர்களுக்கு.

அதற்குப் பிறகு இந்த வழி ஏறக்குறைய ஒரு கொள்கை போலவே ஆகிவிட்டது. 2020, 2021 இரண்டிலும் வென்ற டாம்பா பேயின் மூன்றாவது லைன் யானி கூர்ட், பிளேக் கோல்மன், பார்க்லே குட்ரோ. இவர்கள் எதிரணியின் சிறந்த லைனைத் தடுக்கவும் செய்வார்கள், பக்கைப் பிடுங்கிக் கோலும் அடிப்பார்கள். 2025இல் ஃபுளோரிடாவில் இதன் உச்சம். பாஸ்டனில் பாட்ரிஸ் பெர்ஜரானுடனும் டேவிட் பாஸ்ட்ர்னாக்குடனும் சேர்ந்து லீக்கின் மிகச் சிறந்த அடுக்கிய லைனில் ஆண்டுக்கணக்காக ஆடிய பிராட் மார்ஷாண்ட், ஃபுளோரிடாவுக்கு வந்ததும் ஆன்டன் லுண்டெல், ஈட்டு லுவோஸ்டாரினன் என்ற இருவருடன் மூன்றாவது லைனில் போடப்பட்டார். இறுதிச் சுற்றில் மட்டும் ஆறு கோல் அடித்தார். அவரைத் தடுக்க எதிரணியான எட்மன்டனிடம் நல்ல ஜோடி மிச்சமில்லை.

அந்த பாஸ்டன் லைனின் கதையும் இங்கே பொருத்தம்தான். மூவரும் சேர்ந்திருந்தபோது 2019இல் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றார்கள். 2022-23இல் பாஸ்ட்ர்னாக்கைப் பிரித்து டேவிட் கிரேச்சியின் விங்கில் போட்டார்கள். அவர் 61 கோல் அடித்தார், அணி 65 ஆட்டம் வென்று சாதனை படைத்தது. பிறகு ப்ளே-ஆஃப் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது. பிரித்ததால்தான் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஏழு ஆட்டத் தொடரில் எதையும் நிரூபிக்க முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பிரித்துப் போடுவதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆள்பலம் இல்லாத அணி பிரித்தால் மூன்று லைனும் நடுத்தரமாகிவிடும். நன்றாகப் பாஸ் கொடுக்கும் ஒருவரைப் பாஸை வாங்கி அடிக்கத் தெரியாத இருவருடன் விடுவது அவரை வீணடிப்பதற்குச் சமம். நல்ல வீரர்கள் நல்ல வீரர்களோடு சேர்ந்தால் கூட்டுத்தொகையைவிட அதிகம் வரும். அதைப் பிரித்து இழக்கிறோம். காகிதத்தில் சமமாகத் தெரியும் மூன்று லைன்கள், எதிரணிக் கோலியை (கோல் காப்பவரை) ஒருமுறைகூட வியர்க்க வைக்காமல் ஆட்டம் முழுக்கச் சுற்றிவரலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழிதான் என் விருப்பம்: மூன்று பேராக யோசிப்பதை விட்டு இரண்டு பேராக யோசிப்பது. லைனின் உயிர் பெரும்பாலும் ஒரு ஜோடியிடம் இருக்கிறது. எட்மன்டனில் வெய்ன் கிரெட்ஸ்கியும் யாரி குர்ரியும். செயின்ட் லூயிஸில் ஆடம் ஓட்ஸும், 1990-91இல் 86 கோல் அடித்த பிரெட் ஹல்லும். மூன்றாவது ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வண்டி ஓடியது. வான்கூவரின் ஹென்ரிக், டேனியல் செடின் இரட்டையர்கள் இதற்குச் சுத்தமான உதாரணம். அவர்களுக்கு வலப்பக்கம் யார் வந்தாலும் அவருடைய கணக்கு ஏறும். 2005-06இல் ஆன்சன் கார்ட்டர் 33 கோல் அடித்தார். அடுத்த சீசனில் வேறு அணிக்குப் போனவர் அந்த எண்ணின் பக்கத்தில்கூட வரவில்லை. பிறகு டிராஃப்டிலேயே (அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்கப்படாத அலெக்ஸ் பரோஸ் அந்த இடத்துக்கு வந்து பல வருடம் நிலைத்தார். ஹென்ரிக் 2009-10இலும் டேனியல் 2010-11இலும் லீக்கின் புள்ளிப் பட்டியலில் முதலிடம்.

மூன்றாவது ஆளாக யாரைப் போடுவது என்பதில்தான் கோச்சின் கண் தெரியும். அடுத்த சிறந்த வீரரைப் போட வேண்டிய அவசியமே இல்லை. ஜோடியில் ஒருவர் பக்கைத் தூக்கிக்கொண்டு போகிறவர், மற்றவர் அடிக்கிறவர் என்றால், இன்னும் ஒருவர் பக்கைக் கேட்டால் இடைஞ்சல்தான். தேவைப்படுவது மூலைக்குப் போய் முதலில் பக்கைப் பிடிக்கிறவர், கோலிக்கு முன்னால் நின்று அடி வாங்கத் தயங்காதவர், ஜோடி முன்னால் போய்விட்டால் பின்னால் யாராவது இருக்க வேண்டுமே என்று நினைக்கிறவர். எட்மன்டனில் சாக் ஹைமன் இதே வேலையைச் செய்து, கானர் மெக்டேவிடின் பக்கத்தில் 2023-24இல் 54 கோல் அடித்தார். அவற்றில் பெரும்பாலானவை கோலுக்கு முன்னாலிருந்து, கைக்கெட்டும் தூரத்தில் அடித்தவை. அழகாக இருக்காது, எண்ணிக்கையில் அழகுக்கு இடமும் இல்லை.

ஜோடி முறையில் இன்னொரு வசதி. காயமோ, மோசமான ஆட்டமோ வந்தால் ஒரே ஒருவரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம், லைன் முழுவதும் கலையாது. இரண்டு நல்ல ஜோடிகள் இருந்தால் எதிரணியின் சிறந்த தடுப்பு ஜோடிக்கு இரண்டு வேலை. மூன்றாவது ஜோடியைத் தடுப்புக்கென்றே வைத்துக்கொள்ளலாம்.

மெக்டேவிடும் லியோன் டிரைசைட்டிலும் ஒரே அணியில் இருப்பதால் எட்மன்டன் ரசிகர்களுக்கு இது தீராத வாதம். சேர்த்தால் அந்த ஷிஃப்டில் எதிரணி மூச்சு வாங்கும். பிரித்தால் இரண்டு லைன் ஆபத்தாகும். என் பார்வையில் இது ஒன்றையே தேர்ந்தெடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய கேள்வி அல்ல. தொடக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு, தேவையான நேரத்தில் சேர்ப்பதே சரி. தேவையான நேரம் எது? ஒரு கோல் பின்தங்கிக் கடைசிப் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும்போது. அப்புறம் எதிரணி ஐசிங் செய்துவிட்டு (பக்கை நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து மறுமுனைவரை அடித்துவிட்டு) ஆள் மாற்ற முடியாமல் களைத்து நிற்கும்போது. என்.எச்.எல்.லில் 2005-06 முதல் ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக் கூடாது என்பது விதி. களைத்த ஐந்து பேருக்கு எதிராக, அவர்களுடைய கோலின் பக்கத்தில் ஃபேஸ்-ஆஃப். இருவரையும் சேர்த்து இறக்க இதைவிடத் தோதான நேரம் இல்லை. எதிரணி மைதானத்திலும் இது கைகொடுக்கும், ஏனென்றால் முன்பே சேர்த்து வைத்தால் அவர்கள் தயாராகிவிடுவார்கள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றிச் சேர்த்தால் பதில் கொடுக்க நேரம் இருக்காது.

ஐந்து பேர் அலகு என்ற சோவியத் வழியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது, என்றாலும் இன்று யாருக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விளாதிமிர் குருதோவ், இகோர் லரியோனோவ், செர்கேய் மகாரோவ் மூவருக்கும் பின்னால் எப்போதும் டிஃபன்ஸில் ஃபெதிசோவும் கசதோனோவும். கோச் விக்டர் திகோனோவின் கீழ் வருடத்தில் பெரும்பகுதி முகாமிலேயே அடைந்து கிடந்து பயிற்சி செய்தவர்கள். யார் எங்கே இருப்பார் என்று பார்க்காமலேயே பாஸ் கொடுத்தார்கள். 1995 அக்டோபரில் கால்கரியில் நடந்த ஆட்டத்தில் போமன் இதை வட அமெரிக்காவில் செய்துபார்த்தார்: ஃபெடரோவ், லரியோனோவ், கோஸ்லோவ், ஃபெதிசோவ், கான்ஸ்டான்டினோவ். டெட்ராய்ட் அந்த சீசனில் 62 ஆட்டம் வென்றது. ஆனால் இது ஒரே பள்ளியில் பயின்ற ஐந்து பேர் ஓர் அணியில் சேர்ந்த அதிர்ஷ்டம். அதோடு கணக்கும் இடிக்கிறது: என்.எச்.எல். அணியில் நான்கு ஃபார்வர்டு லைனுக்கு மூன்று டிஃபன்ஸ் ஜோடிதான். டிஃபன்ஸ் வீரர்கள் அதிக நேரம் ஆடுவதால், இரண்டு சுழற்சியும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே இருக்கும். கோலிகள் தவிர 20 பேரை இறக்க அனுமதிக்கும் சர்வதேசப் போட்டிகளில் நான்கு ஜோடி வைத்துக்கொண்டு இதை ஓரளவு செய்யலாம்.

11 ஃபார்வர்டு, ஏழு டிஃபன்ஸ் என்று டாம்பா பே அவ்வப்போது ஆடுவதையும் சிலர் ஒரு வழியாகச் சொல்வார்கள். நான்காவது லைனில் ஆளில்லாத ஓர் இடத்தை நட்சத்திரங்கள் மாறிமாறி நிரப்புவார்கள். அவர்களுக்கு நேரம் கூடும். டிஃபன்ஸில் யாருக்காவது உடம்பு முழுமையாகச் சரியில்லாதபோது பயன்படும். மற்றபடி நான்காவது லைனின் தாளம் கெடுவதுதான் மிச்சம்.

எந்த வழியை எடுத்தாலும் கையின் பக்கத்தைக் கவனிக்காமல் பெயர்களை எழுதக் கூடாது. ஸ்டிக்கை இடப்பக்கமாகப் பிடித்து அடிப்பவர் இடது விங்கில் நின்றால், தன் பகுதியில் சுவரோரம் வரும் பக்கை முன்கையால் வாங்கி உடனே வெளியே அனுப்பலாம். அவரையே வலது விங்கில் போட்டால் அந்த வேலையைப் பின்கையால் செய்ய வேண்டும், ஆனால் தாக்கும்போது உள்ளே வெட்டி அடிக்கக் கோணம் திறக்கும். ஸ்டிக்கை வலப்பக்கமாகப் பிடிக்கும் அலெக்ஸ் ஓவெச்கின் பெரும்பாலும் இடது விங்கில் ஆடி அடித்த கோல்களே இதற்குச் சாட்சி. தடுப்பு லைனுக்கு முதல் ஏற்பாடு, தாக்கும் லைனுக்கு இரண்டாவது. ஃபேஸ்-ஆஃபிலும் கை முக்கியம், பலர் தங்கள் பின்கைப் பக்கம் பக்கை இழுக்கும்போதுதான் அதிகம் வெல்வார்கள். ஒரு லைனில் இடக்கைச் சென்டரோடு ஃபேஸ்-ஆஃப் எடுக்கத் தெரிந்த ஒரு வலக்கை விங்கரும் இருந்தால் இரண்டு பக்க வட்டமும் கவலையில்லை.

அடுத்தது பொறுமை, கோச்சுகளிடம் மிக அரிதான சரக்கு. ஒரு லைன் ஓர் ஆட்டத்தில் ஐந்துக்கு ஐந்து நிலையில் சேர்ந்து ஆடுவது 12 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆட்டத்தில் 120 நிமிடம். 60 நிமிடத்துக்கு இரண்டரை கோல் என்ற வேகத்தில் அது ஐந்து கோல். ஐந்து கோலில் இரண்டு கம்பத்தில் பட்டு உள்ளே போனால் 'அற்புதமான கூட்டணி' என்பார்கள். வெளியே போனால் 'ஒத்துப்போகவில்லை' என்று மூன்றாவது ஆட்டத்திலேயே கலைத்துவிடுவார்கள். கோலை எண்ணாமல், அந்த மூவர் இருக்கும்போது பக் எந்தப் பக்கம் அதிக நேரம் இருக்கிறது, யார் அதிக ஷாட் அடிக்கிறார்கள், அவை கோலுக்கு எவ்வளவு அருகிலிருந்து வருகின்றன என்று பார்த்தால் சீக்கிரம் பதில் கிடைக்கும். அது நன்றாக இருந்தும் கோல் வரவில்லை என்றால், அந்த லைனை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

பொழுதுபோக்குக்காக ஆடும் அணியை நடத்துபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. அங்கே வித்தியாசம் பெரிது. சறுக்கத் தெரிந்த மூன்று பேரைச் சேர்த்தால் முதல் லைன் கோல் அடிக்கும், இரண்டாவது லைன் வாங்கும். ஒன்பது பேர் வந்திருந்தால், இறங்கித் தடுக்கத் தயாராக இருக்கும் மூன்று பேரை முதலில் சென்டராக எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் அணியின் சிறந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை, சோம்பேறிகளாக இல்லாவிட்டால் போதும். பிறகு ஒவ்வொருவருக்கும் அவரோடு ஏற்கெனவே ஒத்துப்போகும் ஒருவரைச் சேருங்கள். மீதி மூன்று பேரை அடுத்தடுத்த ஆட்டங்களில் மாற்றிமாற்றிப் போட்டுப் பாருங்கள். மிகவும் புதியவர்கள் இருவரை மட்டும் ஒரே லைனில் விடாதீர்கள், அந்த லைனின் சென்டர் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் ஓய்ந்துவிடுவார்.